கல்லில் மிஞ்சிய காளை

ஒரே மாதிரி இரண்டு தடவை கையெழுத்துப் போட எனக்கு வராது. தபால் ஆபீசில் பணம் எடுக்கப் போனால், கவுன்ட்டரில் இருப்பவர் பழைய அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அதையும் நான் போட்டதையும் மாறி மாறிப் பார்ப்பார். "இது நீங்க போட்டது இல்லம்மா" என்பார். அவர் கண்ணெதிரே போட்டதைத்தான் அப்படிச் சொல்வார். நான்கைந்து முறை போட்ட பிறகு ஏதோ ஒன்று பழையதற்குக் கொஞ்சம் ஜாடையாக வந்து சேரும்.

என் கணவர் நேமிராஜ் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். செஞ்சி பஜார் தெருவில் அச்சகம் வைத்திருப்பவர் அவர். ஆயிரம் பத்திரிகை அடித்தால் ஆயிரமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது அவர் தொழில். அந்த வீட்டில் இப்படி ஒரு கை வந்து வாழ்க்கைப்பட்டிருக்கிறதே என்பது அவருக்கு அலுக்காத வேடிக்கை. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சிரித்து முடித்த பிறகு விரல்களை முந்தானைக்குள் வைத்துக்கொள்வேன். கையெழுத்து மாறிக்கொண்டே இருக்கிறவளுக்கு உள்ளே இருப்பது ஒரே ஆள்தானா என்று ஒரு சந்தேகம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதை யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் அதையும் பஜாரில் சொல்லிவிடுவார்.

அச்சகம் முன்பக்கம், வீடு பின்பக்கம். பத்திரிகை மடிப்பதும், வேலை முடிந்ததும் மை தேய்க்கிற சலவைக்கல்லைத் துடைத்து வைப்பதும் என் பொறுப்பு. எழுத்துக் கோக்கவும் கற்றுக்கொண்டேன். ஆனால் என்னை நம்பி அவர் எழுத்துப் பெட்டியைத் தந்ததில்லை.

அறுபத்தாறாம் வருஷம் பங்குனி மாதம், ஒரு புதன்கிழமை காலையில் பச்சமுத்து வந்தார். அவலூர்பேட்டைப் பக்கம் மாட்டுச் சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். சைக்கிளை வாசலில் சாத்தும்போதே பேசிக்கொண்டு வருகிற மனிதர்.

"நைனாரே, திங்கக்கெழம சந்தை. வெள்ளிக்கெழம மத்தியானம் அறுபது நோட்டீஸ் என் கையில இருக்கணும். மேல பெருசா ஒரு காளை. எழுத்து தெரியாதவனும் மாட்டைப் பார்த்தா நின்னுடுவான் பாருங்க."

"காளைக்கு இன்னா பஞ்சம்" என்று இவர் மேசை இழுப்பறையைத் திறந்து, படம் அடிக்கிற ஒரு ப்ளாக்கை எடுத்து வைத்தார்.

பச்சமுத்து அதைக் குனிந்து பார்த்தார். நுகத்தடியில் பூட்டிய இரண்டு காளைகள், போன தேர்தலில் ஒரு கட்சிக்கு அடித்த சின்னம்.

"இது ஓட்டுக் காளை."

"மாடு மாடுதான?"

"அடுத்த வருஷம் எலெக்ஷன். இதை ஒட்டினா ஒரு தெருவுல மாலை போடுவான், அடுத்த தெருவுல சாணி அடிப்பான். என் சந்தைக்கு ரெண்டு தெருக்காரனும் வரணும்."

"நுகத்தடியை மறைச்சிட்டு ஒண்ணை மட்டும் அடிச்சா?"

"இன்னொண்ணு எந்தக் கட்சிக்குப் போச்சுன்னு கேப்பான்."

மெட்ராசிலிருந்து புது ப்ளாக் வந்து சேர ஒரு வாரமாகும். ஆனால் முடியாது என்ற சொல் என் கணவர் வாயில் வராது. "நீங்க போங்க, வெள்ளிக்கெழம வாங்க" என்று அனுப்பிவிட்டார். அவர் மனதில் இருந்தது தச்சர் பாண்டுரங்கன். மாம்பலகையில் ஒரு காளையைச் செதுக்கி வாங்கிவிட்டால் அதையே மிஷினில் பூட்டி அடித்துவிடலாம்.

மத்தியானம் பாண்டுரங்கன் பலகையோடும் உளியோடும் வந்து உட்கார்ந்தார். பென்சிலால் ஒரு காளையை அழகாகவே வரைந்தார். உளியை எடுக்கிற நேரத்தில் அவருக்கு மோர் கொண்டுவந்தாள் என் மாமியார் மருதேவி.

"இன்னா செய்யப் போற?"

"காளைம்மா. செதுக்கணும்."

"எதால?"

"உளியாலதான்."

"எங்கேர்ந்து ஆரம்பிப்ப?"

பாண்டுரங்கன் பலகையைத் திருப்பிப் பார்த்தார். "கழுத்துலேர்ந்து."

வால் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும். மாமியார் மோரை அவர் கையில் கொடுத்துவிட்டு உளியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எங்கள் வீடுகளில் மாவில்கூட மிருக உருவம் பிடித்து நறுக்குவதில்லை. திருவிழாவில் விற்கிற சர்க்கரைப் பொம்மைகளில் கிளி, குதிரை எதையும் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவதில்லை. பிள்ளை முதலில் தலையைத்தான் கடிக்கும். உயிர் என்று மனதில் நினைத்து ஓர் உருவத்தில் கத்தி வைத்துவிட்டால் அது உயிரில் வைத்ததற்குச் சமம். நாங்கள் நைனார் எனப்படும் சமணர். சொல்லிக்கொடுக்காமலே இதெல்லாம் கைக்குத் தெரியும். இவருக்கும் தெரியும்தான். அவசரத்தில் மறந்துவிட்டார்.

"ஏம்மா, கோயில்ல ஆதிநாதர் பீடத்துல இருக்கிற காளை உளி படாம வந்ததா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"அது கும்பிடறதுக்கு. இது சந்தைக்கு."

பாண்டுரங்கன் மோரைக் குடித்து, உளியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "எனக்கு இன்னா, அம்மா சொன்னா சரி" என்று சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.

வெயில் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கினால் எங்கள் அச்சகத்தில் வேலை நின்றுவிடும். விளக்கைப் போட்டால் பூச்சி வந்து விழும், சாப்பாடும் வெயில் இருக்கும்போதே முடிய வேண்டும் என்று மாமியாரின் கட்டளை. மலைக்குப் பின்னால் போனால் அஸ்தமனமாகிவிடுமா, அந்தப் பக்கம் இன்னும் அரைமணி வெயில் இருக்கிறதே என்று இவர் தினமும் வாதாடுவார். அன்று வாதாடவில்லை. நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சமுத்துகிட்ட இன்னா சொல்றது, அனந்தி?"

நான் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு கல்லைத் துடைக்கப் போனேன். முழம் அகலமும் ஒன்றரை முழம் நீளமும் உள்ள வெள்ளைக் கல் அது. அன்று அடித்த வேலையின் கறுப்பு மை அதன் மேல் மெல்லிய தோலாகப் படிந்திருந்தது. துணியை ஓர் ஓரத்தில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். நடுவில் கை தானாக மேலேறி இறங்கியது.

கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு முதுகு. அதில் ஒரு திமில்.

நான் நினைத்து இழுக்கவில்லை. இதை எத்தனை முறை யோசித்தாலும் அங்கேயே வந்து நிற்கிறேன். எனக்கு முன்னால் என் கை அங்கே போயிருந்தது. நான் பின்னால் வந்து சேர்ந்து, அட, மாடா என்று பார்த்தேன். பார்த்த பிறகும் நிறுத்தத் தோன்றவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தித் திருப்பினேன், கொம்பு. உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒத்தினேன், வயிறு. கால்களுக்கு நகத்தால் நான்கு கீறல். அதில் ஒன்று நீண்டு கல்லுக்கு வெளியே போயிற்று. எல்லாம் ஒரு தும்மல் நேரம்தான் இருக்கும்.

கழிவுத்தாள் ஒன்றை எடுத்து அதன் மேல் விரித்து, சமையலறையிலிருந்து குழம்புக் கரண்டியைக் கொண்டுவந்து அதன் முதுகால் தேய்த்தேன். தாளை உரித்தேன்.

இவர் எழுந்து வந்தார். தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது ஓடுதா, விழுதா?"

"தெரியலைங்க."

"மாடுதான்" என்றார். "மாடு மாதிரி இல்ல. ஆனா மாடுதான். இதே மாதிரி இன்னொண்ணு போடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கேட்பது யாரிடம் என்பது அவருக்கும் உடனே ஞாபகம் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு முகம் மாறியது. "அறுபதும் அறுபது விதமா இருந்தா பச்சமுத்து கத்துவானே."

"கத்தினா கத்தட்டும்" என்றேன். என் குரல்தானா அது என்று எனக்கே தெரியவில்லை.

உண்மையில் எனக்கு அந்தக் கத்தலை நினைத்துத்தான் பயம். பச்சமுத்து இந்தத் தாள்களைத் தூக்கி எறிந்துவிட்டால், இந்தக் கை எதற்கும் ஆகாது என்பது தீர்ந்துபோகும். இவர் அதையும் ஒரு வேடிக்கையாக்கி மறந்துவிடுவார். நான் மறக்கமாட்டேன். என் கையை நானே மறுபடி மையில் வைக்க விடமாட்டேன். இதெல்லாம் எனக்கு அந்த நிமிஷமே தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் அடுத்த மாட்டுக்காகக் கல்லைத் துடைக்கத் துணியை எடுத்தேன்.

"நிறுத்து."

வாசற்படியில் மாமியார்.

"அதை எதுக்கு அழிக்கிற?"

"அடுத்தது போடணும் அத்தை."

"நீயே உண்டாக்கின. நீயே துடைச்சிடுவியா?"

இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, இது வெறும் மை."

"மாவு மட்டும் இன்னா? வெறும் மாவுதான்."

மாமியார் சண்டைக்காகச் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே சங்கடமாக இருந்தது. நான் கல்லைப் பார்த்தேன். தாள் உரித்துக்கொண்டு போனது போக, காளை அங்கே இன்னும் இருந்தது. கறுப்பு சாம்பலாகி, முதுகு மங்கி, ஆனாலும் நின்றுகொண்டிருந்தது. ஒரு காளை மனதை மாற்றிக்கொள்வதற்கு முன்னால் நிற்குமே, அப்படி.

"அழிக்கலை அத்தை" என்றேன். "இதுலேர்ந்தே அடுத்தது வரட்டும். இது மேலயே மையைப் போடறேன். இருக்கிறது அப்படியே வேறயா மாறிடும்."

மாமியார் யோசித்தாள். "இந்த உடம்பை விட்டு அந்த உடம்புக்குப் போகுமா?"

"ஆமா."

"அது சரி" என்றாள். "அது எப்பவும் நடக்கிறதுதான."

வியாழக்கிழமை காலை ஆறரைக்கே ஆரம்பித்தோம். இவர் மிஷினில் சந்தை விவரத்தைத் தாளின் கீழ்ப்பாதியில் அடித்துக் கொடுத்தார். நாள், இடம், தண்ணீர் வசதி, வைக்கோல் வசதி. மேல்பாதி வெறுமையாக என்னிடம் வந்தது. கல்லில் இருந்த மங்கிய காளையின் மேல் நான் விரலால் மையை இழுத்தேன், துணியால் எடுத்தேன், சில சமயம் முழங்கையால் ஒத்தினேன். பழைய காளையின் வால் புதியதற்குக் கொம்பானது. ஒன்றின் கால்கள் அடுத்ததற்குப் புல்லாயின. குனிந்து நின்றது அடுத்த தாளில் தலையைத் தூக்கியது. முதலில் வெள்ளைக் காளைகளாக வந்தவை போகப் போகக் கறுத்து, மறுபடி வெளுத்தன.

மாமியார் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் துடைத்துவிடாமல் காவல் காக்கத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். பத்தாவது தாளுக்குள் அவளே கணக்குப் பிள்ளையாகிவிட்டாள்.

"இது பதினோராவது பிறவி."

"இது எப்படி இருக்குது அத்தை?"

"கோவக்காரன். போன பிறவியில எவனோ வாலை முறுக்கியிருக்கான்."

பிறகு பதினேழாவது வந்தது. அது காளை போல இல்லவே இல்லை. பன்றி என்றால்கூடப் பன்றிக்குக் கோபம் வரும்.

"பதினாறாவதுல ஏதோ பாவம் பண்ணியிருக்குது" என்றாள் மாமியார்.

மிஷினை நிறுத்திவிட்டு இவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்த இரண்டு நாட்களில் நான் ஒன்று கவனித்தேன். அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்தக் காளை வராது. இருபத்திரண்டாவதின் முன்னங்கால் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதே காலை மறுபடி போட ஆசைப்பட்டேன். இருபத்துமூன்றாவது மரத்தால் செய்ததுபோல நின்றது. பச்சமுத்துவின் முகம் நினைவில் வந்தபோதும் அப்படித்தான். அவர் முகம் வராத நேரங்களில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பயந்துகொண்டிருந்த ஒருத்தி அங்கே இல்லை, அவ்வளவுதான் தெரியும். அவள் இல்லாததால் இடம் விசாலமாக இருந்தது.

வியாழன் சாயங்காலம் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியபோது முப்பத்தைந்து முடிந்திருந்தது. வெள்ளி மத்தியானத்துக்குள் அறுபதும் முடிந்து கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன. பதினேழாவதையும் சேர்த்துத்தான். பாவம் பண்ணினதற்காக அதை மட்டும் ஒதுக்குவது நியாயமில்லை என்று மாமியார் சொல்லிவிட்டாள்.

பச்சமுத்து வந்தார். நான் உள்கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் முதல் தாளை எடுத்தார்.

"பலே. நிக்குது பாருங்க, முட்ட வராப்பல." இரண்டாவதை எடுத்தார். "இது இன்னா, வேற மாடு?" மூன்றாவது. "இதுவும் வேற." அவர் கொடியின் நீளத்துக்கு நடந்துகொண்டே போனார். பதினேழாவதின் முன்னால் நின்றுவிட்டார். "நைனாரே, இது மாடே இல்ல."

"அது ஒரு மாதிரி" என்றார் இவர்.

"ஒரு சந்தைக்கு ஒரு நோட்டீஸ். ஊருக்கு ஊர் வேற வேற மாட்டைப் போட்டா ஜனங்க எந்த மாடுன்னு கேப்பாங்க. நான் எதைக் காட்டறது?"

"உங்க சந்தைக்கு ஒரே ஒரு மாடா வரப் போகுது?"

பச்சமுத்து கையை விரித்தார். "ஆயிரம் வரும்."

"அதுல ரெண்டு ஒண்ணுபோல இருக்குமா?"

என் கணவரா இப்படிப் பேசுகிறார் என்று நான் கதவிடுக்கில் பார்த்தேன். ஆயிரமும் ஒன்றுபோல வேண்டும் என்று பதினைந்து வருஷமாக மிஷின் மிதிக்கிற மனிதர். அவர் காது மட்டும் சிவந்திருந்தது.

"பேச்சுல என்னை மடக்காதீங்க. இதோ, இதுக்குக் காலே இல்ல."

"புல்லுல நிக்குது" என்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குரலை நோக்கி அவர் திரும்பினார். என் கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் கறுப்பு. மறைத்துக்கொள்ள முந்தானையைத் தேடினேன், அதுவும் கறுப்பாக இருந்தது.

"வீட்டம்மா வேலையா?" என்றார். அப்புறம் தாள்களை ஒவ்வொன்றாக உருவி அடுக்கினார். "வேற வழி இல்ல, ஒட்டறேன். ஆனா ஒண்ணு. எவனாவது இதைப் பார்த்துச் சிரிச்சான்னா அத்தனையும் உரிச்சிக் கொண்டாந்து இங்கயே கொட்டிடுவேன்."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அறுபது சுவர்களில் என் கை ஒட்டிக்கொண்டிருந்தது. தபால் ஆபீசில் ஒரு மனிதர் பார்ப்பதையே தாங்கமாட்டாதவள்.

சனிக்கிழமை காலை இவருக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வேலை. கல் வேண்டும். கல்லில் அறுபதாவது காளை மங்கலாக நின்றுகொண்டிருந்தது.

"துடைக்கலாமாம்மா?"

"கூடாது."

"கல்யாணப் பொண்ணு காத்துக்கினு இருக்குது."

"இதுவும்தான் காத்துக்கினு இருக்குது."

முனகிக்கொண்டே அவர் ஒரு பழைய கண்ணாடித் துண்டைத் தேடி எடுத்து அதில் மை தேய்த்தார். அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். தலையில் துண்டு, புழுதிக் கால். கக்கத்தில் ஒரு தாள் சுருள். அதன் ஓரத்தில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்து உரித்த தாள்.

கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"நான் தொண்டூரு. இளையபெருமாள்னு சொல்லுவாங்க" என்றார். "இதைப் போட்டது யாருங்க?"

இவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இவங்கதான்."

இளையபெருமாள் தாளை விரித்தார். முப்பதுக்கு மேல் ஏதோ ஒன்று. கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்க்கிற காளை. அந்தக் கழுத்து நான் செய்ததுகூட இல்லை. முந்தைய காளையின் முதுகில் மிச்சமிருந்த கோடு.

"அம்மா, இவனை எங்க பார்த்தீங்க?"

"யாரை?"

"செவலையை. ரெண்டு வருஷத்துக்கு முன்ன இதே சந்தையில வித்தேன். மழை இல்ல, தீவனம் இல்ல, இன்னா பண்றது. வாங்கினவன் இழுத்துக்கினு போறப்ப இப்படித்தான் திரும்பிப் பார்த்தான். எங்க இருக்கறான்? நல்லா இருக்கறானா?"

"ஐயா, நான் உங்க மாட்டைப் பார்த்ததே இல்ல."

"பார்க்காம எப்படிம்மா?" அவர் கோபப்படவில்லை. நான் ஏதோ காரணத்துக்காக மறைக்கிறேன் என்று நினைத்து, பொறுமையாகக் கேட்டார். "இந்தக் கழுத்து வேற எந்த மாட்டுக்கும் கிடையாது. எனக்குத் தெரியும்ல."

கல்லைக் காட்டினேன், கரண்டியைக் காட்டினேன், கையைக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார். ஒன்றையும் நம்பவில்லை. கடைசியில் மாமியார்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, "நல்லாத்தான் இருக்குது. பாருங்க, எப்படி நிக்குது" என்றாள். அது அவருக்குப் போதுமாக இருந்தது.

"சுவத்துலேர்ந்து கிழிச்சிட்டேன். தப்புதான். திருடினான்னு எவனும் சொல்லக் கூடாது. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

பேனாவை வாங்கிக் காளையின் குளம்புக்குக் கீழே என் பெயரை எழுதினேன். அதுவரை நான் போட்ட எந்தக் கையெழுத்தைப் போலவும் அது இல்லை. இளையபெருமாள் அதை எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

"தபால் ஆபீசுல மட்டும் காட்டிடாதீங்க" என்றார் இவர்.

அந்த நேரத்தில் சைக்கிள் சுவரில் மோதுகிற சத்தம். பச்சமுத்து வியர்த்துக் கொட்ட உள்ளே வந்தார்.

"நைனாரே, மோசம் போனேன்."

"சிரிச்சாங்களா?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"சிரிச்சிருந்தா தேவலையே. அறுபது ஒட்டினேன். இன்னிக்குக் காலையில சுத்திப் பார்த்தா பதினாலு இருக்குது. பசை காயறதுக்குள்ள உரிச்சிட்டானுங்க. மண்டகப்பட்டுல ஒருத்தன் கொட்டாயில மாட்டி வெச்சிருக்கான். ஏன்டான்னு கேட்டா, என் மாட்டை என்னைக் கேக்காம போட்டுட்டு ஏன்டான்னு வேற கேக்கறியான்றான். அந்தக் காலே இல்லாத மாட்டுக்கு ரெண்டு பேரு சண்டை. அந்தப் பன்னி மாதிரி ஒண்ணு இருந்துச்சே, அதுகூடப் போயிடுச்சு." அப்போதுதான் இளையபெருமாளின் கையிலிருந்ததைப் பார்த்தார். "இதோ, ஒரு திருடன் இங்கயே இருக்கறான்."

"கையெழுத்து வாங்கியிருக்கறேன்" என்றார் இளையபெருமாள், தாளைச் சுருட்டிக்கொண்டே.

பச்சமுத்து முக்காலியில் உட்கார்ந்தார். "இன்னும் இருபது வேணும்மா. இன்னிக்கே. ஆனா இந்தத் தடவை கொஞ்சம் மோசமா போடுங்க. எவனுக்கும் அவன் மாடு மாதிரி தெரியக் கூடாது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயை மூடக் கையைக் கொண்டுபோனேன், மூக்கெல்லாம் மை.

கல்லில் அறுபதாவது காத்துக்கொண்டிருந்தது. துடைத்திருந்தால் அன்று நான் எங்கிருந்து ஆரம்பித்திருப்பேன் என்று தெரியவில்லை. அதன் மேலேயே மையை இழுத்தேன். மோசமாகப் போட வேண்டும் என்று நினைத்துத்தான் இழுத்தேன். ஆனால் மோசமாகப் போடுவதற்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமே. கை அதற்கெல்லாம் நிற்கவில்லை.

தாளை உரித்ததும் இளையபெருமாள் எட்டிப் பார்த்தார். "இது எங்க ஊரு குணபாலன் நைனாரு மாடு. வலது காது மடங்கியிருக்குது பாரு."

"இதுவும் போச்சு" என்றார் பச்சமுத்து.

"இது அவலூர்பேட்டை வண்டிக்காரன் மாடு."

"நீ வாயை மூடிக்கினு இருய்யா."

"இது உங்க மாடு இல்ல?"

பச்சமுத்து அந்தத் தாளைக் கையில் வாங்கினார். எழுபத்தொன்றோ எழுபத்திரண்டோ அது. தலையைத் தாழ்த்தி, ஒரு காலை மட்டும் முன்னால் வைத்து, இறங்கலாமா என்று தண்ணீரைச் சோதிப்பதுபோல. அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மற்றத் தாள்களோடு சேர்க்காமல் தனியாகச் சுருட்டி, தோள்துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இது சந்தை ஆபீசுக்கு" என்றார், யாரையும் பார்க்காமல்.

நான்கு மணிக்கு இருவரும் கிளம்பிப் போனார்கள். போகும் வழியில் காவலுக்கு யாரைப் போடுவது என்று பச்சமுத்து இளையபெருமாளிடமே யோசனை கேட்டுக்கொண்டிருந்தது தெருமுனை வரைக்கும் கேட்டது.

கல்லில் எண்பதாவது காளை இருந்தது. இவர் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். "இதை இன்னா பண்றது? ஆயுசு பூரா இங்கயே வெச்சிக்கினு இருக்கறதா?"

நான் ஒரு கழிவுத்தாளை எடுத்து, மை சேர்க்காமல், கல்லின் மேல் வைத்துத் தேய்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு காளை வந்தது. இன்னொரு தாள். அதில் முதுகும் கொம்பும் மட்டும். மூன்றாவதில் முதுகின் கோடு. மாமியார் எழுந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். நான்காவதில் திமில் இருந்த இடம் தெரிந்தது. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். ஐந்தாவதில் கொம்பு நுனி, ஒரு புள்ளி. ஆறாவது தாளில் ஒன்றும் இல்லை.

மாமியார் அந்த வெறுந்தாளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"முடிஞ்சிடுச்சு" என்றாள். "இனிமே இதுக்குப் பிறவி இல்ல."

"அப்ப கல்லைத் துடைக்கலாமா?"

"துடை. வெறும் கல்லுதான."

இவர் துடைத்தார். பத்திரிகைக்காகப் புது மையை வைத்து உருளையை ஓட்டினார். கறுப்பு ஒரே சீராக, ஒரு சுருக்கமில்லாமல் கல் முழுவதும் பரவியது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கட்டைவிரல் கல்லின் ஓரத்துக்கு எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

"கையை எடு" என்றார். "முதல்ல பத்திரிகை. ஐந்நூறு. ஐந்நூறும் ஒண்ணுபோல."

"ஒண்ணே ஒண்ணு வேற மாதிரி இருந்தா இன்னா?"

அவர் குழம்புக் கரண்டியை எடுத்து எனக்கு எட்டாத அலமாரியின் மேல் வைத்தார்.

"பொழுது போவுது, கையைக் கழுவிட்டு சாப்பிட வாங்க" என்று மாமியார் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "அந்தக் கரண்டியையும் எடுத்துக்கினு வா. குழம்பு ஊத்தணும்."

"அந்தப் பக்கம் இன்னும் அரைமணி வெயில் இருக்குதும்மா" என்றார் இவர்.